மறதிநோய் உள்ளவரை இல்லத்தில் சேர்த்துப் பழக்குவது: குமரி மாவட்டக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சைமர், பக்கவாதத்துக்குப் பின் வரும் மறதி, லூயி பாடி என்று எந்த வகையானாலும், மறதிநோய் உள்ள ஒருவரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க முடிவெடுத்தவர்களும் முடிவெடுக்கும் தறுவாயில் இருப்பவர்களும் கேட்பவை இவை. நோய் ஏன் வருகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்குள் இங்கே போகவில்லை. சேர்ப்பதற்கு முந்தைய வாரங்களும் சேர்த்த பிறகு வரும் முதல் இரண்டு மூன்று மாதங்களும்தான் பேச்சு.

பக்கத்திலுள்ள முதியோர் இல்லத்திலேயே சேர்த்தால் போதாதா?

பல முதியோர் இல்லங்கள், தானே எழுந்து குளித்து, சாப்பிட்டு, கழிவறைக்குப் போய்வருகிறவர்களை மனதில் வைத்து நடப்பவை. பகலில் கேட் திறந்தே கிடக்கும். இரவில் ஒரே ஒரு பணியாளர் இருப்பார், அவரும் தூங்கிவிடுவார். மறதிநோய்க்காரருக்கு இது போதாது.

இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று மறதியை மறைத்துச் சேர்ப்பவர்கள் உண்டு. ஒரு வாரம்கூட ஓடாது, ‘வந்து கூட்டிட்டுப் போயிருங்க’ என்று போன் வரும். ஒருமுறை இடம் மாறுவதைவிட அடுத்தடுத்து இரண்டுமுறை மாறுவதுதான் அவரை அதிகம் குலைத்துப்போடும். ஆகவே முதல் போனிலேயே உள்ளது உள்ளபடி சொல்லிவிடுங்கள்: ராத்திரி எழும்புவார், கேட்டைத் தாண்டுவார், சிறுநீர் அறியாமல் போகும், சில நேரம் கை ஓங்குவார். இதைக் கேட்டுவிட்டு ‘எங்களால முடியாது’ என்று சொல்லும் இல்லம் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறது.

இல்லம் பதிவு பெற்றதா என்று மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரிக்கலாம். முதியோருக்கான உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை இயங்குகிறது.

இல்லத்தைப் பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இரண்டுமுறை போங்கள். காலை 11 மணிக்கு ஒருமுறை, சொல்லாமல் கொள்ளாமல் மாலை 6 மணிக்கு ஒருமுறை. காலை 11 மணிக்கு எல்லாரும் கட்டிலில் கண்மூடிக் கிடந்தால் மாத்திரை கொடுத்து அடக்கி வைத்திருக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம். மாலை 6 மணி மறதிநோயாளிகளுக்குக் கஷ்டமான நேரம். அப்போது பணியாளர் கூட உட்கார்ந்திருக்கிறாரா, டிவியைப் போட்டுவிட்டு ஒதுங்கிவிட்டாரா என்று பாருங்கள்.

நம் மாவட்டத்தில் எந்தக் காம்பவுண்டுக்குள்ளும் கிணறு இருக்கும், பின்பக்கம் குளமோ சானலோ ஓடும். கிணற்றுக்கு இரும்பு வலை போட்டுப் பூட்டியிருக்கிறதா, பின்வாசல் எங்கே திறக்கிறது என்று நடந்தே போய்ப் பாருங்கள். முன்கேட்டை நன்றாகப் பூட்டிவிட்டு, சமையலறைக்குப் பின்னாலுள்ள கம்பிக்கதவைச் சும்மா சாத்தி வைத்திருப்பார்கள். வெளியே போகிறவர் அந்த வழியாகத்தான் போவார்.

கழிவறையில் வெள்ளை டைல்ஸில் வெள்ளைக் கோப்பை இருந்தால் பார்வை மங்கியவருக்குக் கோப்பை கண்ணில் படாது, தரையிலேயே இருந்துவிடுவார். நிறமுள்ள இருக்கை மாட்டினால் தீரும். பிடிகம்பி, இரவு முழுக்க எரியும் சின்ன விளக்கு, கரண்ட் போனால் அந்த விளக்குக்கும் இன்வெர்ட்டர் இணைப்பு, மூன்றும் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் வராந்தா டைல்ஸ் வழுக்கும், தரையைக் காலால் தேய்த்துப் பாருங்கள்.

பணத்தைப் பற்றி எழுத்தில் வாங்குங்கள். டயப்பர், மருத்துவர் வருகை, பிசியோதெரபி, ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஆள் ஆகியவை மாதக் கட்டணத்தில் அடங்குமா, தனியா? டெபாசிட் எப்போது திரும்பும்? பாதியில் கூட்டிக்கொண்டு போனால் என்ன கழிப்பார்கள்?

அவரிடம் எப்போது சொல்வது? எப்படிச் சொல்வது?

நோயின் ஆரம்பநிலை என்றால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, பேசி, சம்மதத்தோடு செய்யுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படி, சிகிச்சை முடிவுகளில் தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்க, வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். அதற்கான புரிதல் இருக்கும்போதே எழுதி வாங்கிவையுங்கள்.

நடுநிலை தாண்டிவிட்டால் மூன்று நாள் முன்னால் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. சொன்ன விஷயம் மறந்துபோகும், அது தந்த பதற்றம் மட்டும் தங்கிவிடும். அன்று காலை ஒரே வாக்கியத்தில் சொன்னால் போதும்: ‘டாக்டர் கொஞ்ச நாள் இங்க இருந்து பாக்கச் சொல்லியிருக்காரு.’ அவர் முன்னால் பெட்டி கட்டாதீர்கள், முந்தைய இரவே சாமான் இல்லத்துக்குப் போயிருக்கட்டும்.

‘கோயிலுக்குப் போறோம்’ என்று ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுவது வேண்டாம். ஏமாற்றப்பட்ட உணர்வு மட்டும் மனதில் நின்றுவிடும். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாலும் காரில் ஏற மாட்டார்.

என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

புதிதாக எதுவும் வாங்காதீர்கள். பழைய போர்வை, பழைய தலையணை உறை, தினமும் காபி குடித்த டம்ளர், வழக்கமான சோப்பு, தேங்காயெண்ணெய்க் குப்பி. புது நைட்டியைத் தன்னுடையது என்று ஒத்துக்கொள்ள மாட்டார், பழையதைத் தொட்டதும் கை அடையாளம் கண்டுகொள்ளும். உடுதுணி ஆறேழு செட் வேண்டும். அழியாத மையில் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதுங்கள், இல்லாவிட்டால் சலவைக்குப் போய்வரும்போது மாறிவிடும். கண்ணாடிச் சட்டம், காதுக்கருவிப் பெட்டி, பல்செட் டப்பா மூன்றிலும் பெயர் ஒட்டுங்கள். பல்செட் டிஷ்யூ பேப்பரில் சுருட்டப்பட்டுக் குப்பைக்குப் போவது வழக்கமாக நடக்கிற ஒன்று.

படங்களில் இப்போதைய குடும்பப் படத்தைவிட அவர் இளமையில் எடுத்தது பலன் தரும். பேரன் பேத்தியை அடையாளம் தெரியாவிட்டாலும் கல்யாணப் படத்தில் தன்னைத் தெரியும். கட்டிலிலிருந்து பார்த்தால் தெரிகிற உயரத்தில் மாட்டுங்கள். அறையில் பெரிய கண்ணாடி இருந்தால் துணி போட்டு மூடிவிடுங்கள். உள்ளே நிற்பது அந்நியர் என்று இரவில் பயப்படுவார்.

‘அவரைப் பற்றி எழுதிக் கொடுங்கள்’ என்கிறார்கள். எதை எழுதுவது?

நீங்கள் செய்யப்போகிற வேலைகளில் முதன்மையானது இதுதான். பெரும்பாலான குடும்பங்கள் சர்க்கரை, பிரஷர், ஒவ்வாமை என்று நான்கு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். நினைவு போன பிறகும் பழக்கம் போகாது. அந்தப் பழக்கம் என்னவென்று பணியாளருக்குத் தெரியாதவரை அவர் செய்வதெல்லாம் ‘தொந்தரவு’ கணக்கில்தான் வரும்.

இந்தப் பழக்கக் குறிப்புக்கு ஒரே தாள், இரண்டு பக்கம், பெரிய எழுத்து. ஒரு பிரதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்ட, ஒன்று இரவுப் பணியாளருக்கு, ஒன்று ஃபைலுக்கு.

முதலில் கூப்பிடும் பெயர். பதிவேட்டில் இருக்கும் பெயருக்குத் திரும்பிப் பார்க்காதவர், வீட்டுப்பெயரைச் சொன்னால் திரும்புவார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர் ‘சாரே’, ‘டீச்சர்’ என்றால் எழுந்து வருவார், ‘தாத்தா’ என்றால் முகம் கடுகடுக்கும். அடுத்து, அவர் பேசும் விதம். வெளிக்கு இருக்கணும், ஒண்ணுக்குப் போகணும், நோவுது, பசிக்குது என்பதற்கு என்ன சொல்வார், என்ன சைகை காட்டுவார்? வேட்டி நுனியைப் பிடித்து இழுப்பதுதான் ஒருவருக்குச் சிறுநீர் அவசரம் என்றால் அதை எழுதுங்கள். விளவங்கோடு, கிள்ளியூர் பக்கத்தவர்கள் நோய் முற்ற முற்ற மலையாளத்துக்கே திரும்பிவிடுவதுண்டு. வெளிமாவட்டத்திலிருந்தோ வடமாநிலத்திலிருந்தோ வந்த பணியாளருக்கு ஒரு சொல்லும் புரியாது. அவர் சொல்லும் பத்துப் பதினைந்து சொற்களை அர்த்தத்தோடு எழுதிவிடுங்கள்.

பிறகு ஒரு நாளின் ஓட்டம். எத்தனை மணிக்கு எழுவார், முதலில் குடிப்பது கருப்பட்டி போட்ட கட்டன் காபியா பால் தேயிலையா, குளிப்பது காலையா மாலையா, வெந்நீரா பச்சைத்தண்ணியா, எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவார், விளக்கு எரிய வேண்டுமா. அவரைச் சாந்தப்படுத்துவது எது, சீண்டுவது எது என்று எழுதுங்கள். இறந்துபோனவர்களில் யாருடைய பெயரைச் சொன்னால் அழுவார் என்பதையும் விட்டுவிடாதீர்கள். ‘வீடு’ என்று அவர் சொல்வது நீங்கள் இப்போது இருக்கும் வீட்டையா, பிறந்த வீட்டையா என்பதும் இருக்கட்டும்.

கை பழகிய வேலையைத் தனியாக எழுதுங்கள். தோவாளைப் பக்கம் பூக்கட்டிப் பிழைத்த அம்மாவிடம் ஈரத்துணியில் சுற்றிய வாழைநாரும் ஒரு கிண்ணம் பூவும் கொடுத்தால், பேர் மறந்த கை முடிச்சை மறக்காது. ஒரு மணி நேரம் அமைதியாக ஓடும். கட்டி முடித்ததும் பணியாளர் அதைச் சாமிப்படத்துக்குப் போட வேண்டும். அவர் கண் முன்னாலேயே பிரித்துப் போட்டுவிட்டு ‘இன்னொருக்கா கட்டுங்க’ என்றால், வேடிக்கை காட்டுகிறார்கள் என்று புரிந்துகொள்வார்.

சேர்க்கும் நாளை எப்படி அமைப்பது?

காலைச் சாப்பாடு, மாத்திரை, வழக்கமான குளியல் எல்லாம் வீட்டில் முடியட்டும். பத்து, பதினொரு மணிக்குள் போய்ச் சேருங்கள். மாலையில் சேர்ப்பது வேண்டவே வேண்டாம். ஞாயிறும் வேண்டாம், பணியாளர் குறைவாக இருப்பார்கள். கூட இரண்டு பேர் போதும். ஒருவர் அவரோடு இருக்க, மற்றவர் அலுவலகக் காகிதம் முடிக்கட்டும். ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் போய் வாசலில் அழுவது, எதற்கென்று தெரியாத அவருக்கு ஏதோ சாவு நடந்துவிட்டதாகவே படும்.

மதியச் சாப்பாட்டுக்கு அவரைப் பணியாளர் கூட்டிக்கொண்டு போகும் நேரத்தில் கிளம்புங்கள். சாப்பாட்டுக்குக் கை கழுவும்போது கவனம் தட்டில் இருக்கும். கட்டிப்பிடித்து விடைபெறுவதெல்லாம் உங்களுக்கு ஆறுதல், அவருக்குப் பதற்றம். ‘கடைக்குப் போயிட்டு வாறேன்’ என்பதுபோல் சாதாரணமாகச் சொல்லி நடந்துவிடுங்கள்.

முதல் இரண்டு வாரம் பார்க்க வராதீர்கள் என்கிறார்கள். சரியா?

எல்லாருக்கும் பொருந்தும் விதியாக இதை வைப்பது சரியில்லை. நீங்கள் போகாவிட்டால் அவர் சீக்கிரம் பழகுவார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. தண்ணீர் குடிக்கிறாரா, உடம்பில் அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க ஆள் இல்லாமல் போவது மட்டும் நிச்சயம். நீங்கள் கிளம்பிய பிறகு மணிக்கணக்கில் கொந்தளிக்கிறார் என்றால் இடைவெளியைக் கூட்டலாம். அப்போதும் அவர் கண்ணில் படாமல் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

போனால் அரைமணி, முக்கால்மணி போதும். காலை நேரம் நல்லது. சும்மா எதிரே உட்கார்ந்து ‘நான் யாருன்னு தெரியுதா?’ என்று பரீட்சை வைக்காதீர்கள். ‘நான் உங்க மூத்த மொவ வந்திருக்கேன் அம்மா’ என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கையில் ஒரு வேலை இருக்கட்டும்: தலைக்கு எண்ணெய் வைத்து வாருவது, நகம் வெட்டுவது, ஏத்தன்பழம் உரித்துக் கொடுப்பது. நகம் வெட்டும்போது குதிகாலையும் விரலிடுக்கையும் பார்த்துவிடலாம். குதிகாலில் சிவப்பு இருந்து, அழுத்தினாலும் மாறாவிட்டால் படுக்கைப்புண் தொடங்குகிறது. விரலிடுக்கில் சின்னச் சின்னக் கொப்புளமும் ராத்திரி அரிப்பும் என்றால் சிரங்கு, கூட்டமாக வாழும் இடங்களில் வேகமாகப் பரவும்.

‘வீட்டுக்குப் போகணும்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். என்ன பதில் சொல்ல?

இதைத் தன் சொந்த வீட்டில் இருந்துகொண்டே சொன்னவர்களும் ஏராளம். முதலில் உடம்பைப் பாருங்கள்: சிறுநீர் முட்டுகிறதா, மலச்சிக்கலா, வலியா, பசியா? அது இல்லை என்றால், ‘இதுதான் இனி உங்க வீடு’ என்று வாதாடவும் வேண்டாம், ‘நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்’ என்று நாள் குறிக்கவும் வேண்டாம். வீட்டைப் பற்றியே பேச விடுங்கள். ‘வீட்டு முத்தத்துல என்ன மரம் நின்னுது?’ என்று கேட்டால் பேச்சு பலாவுக்கும் கிணற்றடிக்கும் போகும். பேசிக்கொண்டே எழுந்து நான்கு எட்டு நடக்க வையுங்கள்.

இறந்துபோன கணவரைத் தேடினால் ஒவ்வொருமுறையும் ‘அவர் செத்துப்போனார்’ என்று சொல்லாதீர்கள். அவருக்கு அது ஒவ்வொருமுறையும் புதுச் சாவு. ‘அவங்களத் தேடுதா? என்ன செய்வாவ இந்த நேரத்துக்கு?’ என்று கேளுங்கள்.

சாயங்காலமானால் ஆளே மாறிவிடுகிறார். ஏன்?

பகல் முழுக்கப் புரியாத இடத்தைப் புரிந்துகொள்ள முயன்ற களைப்பு, மங்கும் வெளிச்சம், நிழல்கள், உடம்புக் கடிகாரத்தின் குழப்பம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். பணியாளர் ஷிஃப்ட் மாறுவதும் பல இடங்களில் அந்த நேரம்தான். குமரியில் இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் நாலரை மணிக்கே இருட்டிக்கொண்டு வரும். இருட்டிய பிறகு விளக்குப் போடுவதற்குப் பதில் நாலரைக்கே எல்லா விளக்கையும் போடச் சொல்லுங்கள். மதியத் தூக்கம் அரைமணியோடு நிற்கட்டும். மூன்று மணிக்குப் பிறகு காபி, தேயில வேண்டாம், சுக்குக் காபி கொடுக்கலாம், அதில் காப்பித்தூள் சேர்க்காமல். காலையில் ஒரு மணி நேரம் வெளிவெளிச்சத்தில் உட்கார்வது இரவுத் தூக்கத்துக்கும் உதவும்.

ராத்திரி எழும்பி நடக்கிறார், தூக்க மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள்.

முதலில் அவர் என்ன வேலை பார்த்தார் என்று யோசியுங்கள். குலசேகரம், திருவட்டார்ப் பக்கம் வாழ்நாளெல்லாம் ரப்பர் பால் வெட்டப் போனவர் மூன்று மணிக்கு எழுந்து தலைவிளக்கையும் கத்தியையும் தேடுவார். படுக்கச் சொல்லித் தோளைப் பிடித்து அழுத்தினால் அடிக்க வருவார், ஏனென்றால் வேலைக்கு நேரமாகிறது. ‘இன்னைக்கு மழை, வெட்டு இல்ல’ என்று ஒருவர் சொல்லி, விளக்கைப் போட்டு, ஒரு டம்ளர் காப்பித்தூள் இல்லாத சுக்குக் காபி கொடுத்து அரைமணி கூட உட்கார்ந்தால் அநேகமாகத் தானே படுத்துவிடுவார். விடியுமுன் மீன் எடுக்கப் போன அம்மாக்களுக்கும் இதே கதைதான். இது பழக்கக் குறிப்பில் இல்லாவிட்டால், மூன்றாம் நாள் அல்பிரசோலம் என்ற தூக்க மாத்திரை தொடங்கிவிடும்.

அல்பிரசோலம், குளோனசெபாம் போன்றவை குழப்பத்தைக் கூட்டும், நடை தள்ளாடும், இரவில் கழிவறைக்குப் போகும்போது விழுந்து இடுப்பெலும்பு முறியும். கொந்தளிப்பை அடக்கக் கொடுக்கும் குவெட்டியபின், ரிஸ்பெரிடோன் போன்றவை மறதிநோய் உள்ள முதியவர்களில் பக்கவாதத்தையும் மரண ஆபத்தையும் கூட்டுகின்றன. ஆபத்தான கொந்தளிப்புக்கு, வேறு வழி பலிக்காதபோது, குறைந்த அளவில், குறிப்பிட்ட வாரங்களுக்கு மருத்துவர் எழுதலாம். எப்போது நிறுத்துவது என்பதையும் அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். லூயி பாடி வகை என்றால் கொந்தளிப்பை அடக்கப் போடும் ஹாலோபெரிடால் ஒரு ஊசிகூட உடம்பை விறைக்க வைத்துவிடலாம். ஃபைலின் மேலட்டையில் சிவப்பு மையில் அதை எழுதி வையுங்கள்.

மற்ற மாத்திரைகளில் என்ன தவறு நடக்கும்?

மறதிக்காகத் தோலில் ஒட்டும் ரிவாஸ்டிக்மின் ஒட்டு தினமும் மாற்ற வேண்டியது. புதியது ஒட்டுமுன் பழையதை எடுக்க மறந்துவிடுவார்கள், முதுகில் இரண்டு மூன்று ஒட்டு சேர்ந்தால் வாந்தி வரும், நாடித்துடிப்பு குறையும். போனால் முதுகைப் பாருங்கள். மறதிக்கான டோனெபெசில் மாத்திரை இரவில் கெட்ட கனவு தந்தால் காலைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். சளிக்குக் கொடுக்கும் குளோர்பெனிரமைன் மறதியையும் குழப்பத்தையும் கூட்டும். வைத்தியரிடம் வாங்கும் லேகியம், கஷாயம், தைலம் எல்லாவற்றையும் பட்டியலில் சேருங்கள், ‘அது மருந்துல சேராது’ என்று விட்டுவிடாதீர்கள்.

சாப்பிட மாட்டேன் என்கிறார். எடை குறைகிறது.

சேரும் நாளில் எடை எடுத்து எழுதி, பிறகு வாராவாரம் ஒரே தராசில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது 50 கிலோ உள்ளவர் இரண்டரைக் கிலோ குறைந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வாயைத் திறந்து பாருங்கள். புண், ஆடும் பல், தளர்ந்த பல்செட் இவையே பல நேரம் காரணம். அடுத்தது ருசி. சம்பா அரிசிச் சோறும் தேங்காய் அரைத்த மீன்கறியும் சாப்பிட்டு வளர்ந்தவருக்கு வெள்ளைச் சோறும் தக்காளி சாம்பாரும் சாப்பாடாகவே படாது. தட்டில் நான்கு கூட்டு விளம்பினால் எதைத் தொடுவது என்று தெரியாமல் விழிப்பார், ஒன்றொன்றாக விளம்பச் சொல்லுங்கள். தட்டு சோற்றின் நிறத்தில் இருக்கக் கூடாது. கரண்டி தடுமாறினால் கையால் சாப்பிட விடுங்கள், அது அவர் 70 வருடம் செய்தது.

மீன் விஷயத்தில் கறாராக இருங்கள். முள்ளை நாக்கால் ஒதுக்கும் திறமை மறதியோடு போய்விடும். சாளை வேண்டாம். நெய்மீன், சூரை போன்றவற்றில் முள் எடுத்து உதிர்த்த சதையாகக் கொடுக்கலாம். மரச்சீனிக் கிழங்கைக் கட்டியாகக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும், குழைத்துக் கறிச்சாறு விட்டுக் கொடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு, முடிந்ததும் அரைமணி அப்படியே இருக்கட்டும். சாப்பிடும்போது இருமல், குரலில் கரகரப்பு என்றால் விழுங்குவதில் கோளாறு, உடனே சொல்லுங்கள்.

குளிக்க வைக்கப் போனால் சண்டை.

ஷவரை நிறுத்துங்கள். தலைமேல் திடீரென்று விழும் தண்ணீர் பயமுறுத்தும். வாளியும் கப்பும் கொடுத்து, முதலில் காலில் ஊற்றி, மெல்ல மேலே வாருங்கள். கப்பை அவர் கையிலேயே கொடுத்தால் பாதிச் சண்டை போய்விடும். அம்மாக்களுக்குப் பெண் பணியாளர், தோளில் ஒரு துவர்த்து. முடியாத நாளில் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும்.

நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று யாரென்றே தெரியாமல் புலம்புகிறார்.

மறதிநோய் ஒரே நாளில் இப்படி முற்றாது. மணிக்கணக்கில், நாள்கணக்கில் வரும் மாற்றத்துக்குப் பின்னால் வேறொரு உடல்நோய் இருக்கும்: சிறுநீர்த் தொற்று, நிமோனியா, மலம் கட்டியது, தண்ணீர்ச்சத்துக் குறைவு, பிரஷர் மாத்திரையால் உப்புச்சத்து குறைந்தது, புதிதாகத் தொடங்கிய மருந்து, தலையில் அடி. காய்ச்சலே இல்லாமலும் தொற்று இருக்கலாம். இல்லத்தில் ‘வயசாயிட்டுல்லா’ என்று விட்டுவிட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ அன்றே கொண்டுபோங்கள், ஆம்புலன்ஸுக்கு 108. பழக்கக் குறிப்பின் பிரதியும் மருந்துப் பட்டியலும் கூடவே போகட்டும்.

வேறு மதத்தார் நடத்தும் இல்லத்தில் சேர்க்கலாமா?

நம் மாவட்டத்தில் இது சகஜம். ஜெபத்தில் உட்காராவிட்டால் வற்புறுத்துவார்களா என்று மட்டும் நேராகக் கேளுங்கள். வாழ்நாள் பழக்கம் அங்கே தொடர வழி செய்யுங்கள். அய்யாவழிக்காரருக்குக் காலையில் நெற்றியில் நாமம் இட மறந்துபோனால் பணியாளர் எடுத்துக் கொடுக்கட்டும். ஜெபமாலை சொல்லிப் பழகியவருக்கு மாலை 6 மணிக்கு மணிகளைக் கையில் கொடுத்தால் அந்த நேரத்துப் பதற்றத்துக்கு மாத்திரை தேடும் வேலையே குறையும்.

பிள்ளைகள் எல்லாரும் வளைகுடாவில் இருக்கிறோம். எப்படிப் பார்த்துக்கொள்வது?

உள்ளூரில் ஒரே ஒருவரைப் பொறுப்பாளராக எழுதிக் கொடுங்கள். நான்கு பிள்ளைகளும் தனித்தனியாகப் போன் செய்து நான்கு விதமாகச் சொன்னால் இல்லம் யார் பேச்சையும் கேட்காது. வாரம் ஒருமுறை எடை, மலம், தூக்கம், விழுந்தாரா, புது மாத்திரை உண்டா என்று ஐந்து கேள்விக்குப் பதில் வாட்ஸ்அப்பில் வரட்டும்.

வீடியோ காலுக்கு நம் நேரம் காலை 11 நல்லது. துபாயில் 9:30, தோஹாவிலும் ரியாத்திலும் 8:30. பக்கத்தில் பணியாளர் உட்கார்ந்திருக்க வேண்டும். போனுக்குள் முகம் தெரிவது சிலரைக் குழப்பும். அவர்களுக்கு வெறும் குரல் போதும்.

நகை, பென்ஷன், கையெழுத்து?

தங்கத்தை அனுப்ப வேண்டாம். ஆனால் வளையலை வெறுமனே கழற்றிவிட்டால் நாள் முழுக்கக் கையைத் தடவித் தேடுவார், திருட்டுப் பழி பணியாளர் மேல் விழும். அதே அச்சில் கவரிங் போட்டு அனுப்புங்கள்.

பவர் பத்திரம் இருக்கிறது என்று நம்பியிருக்கும் குடும்பங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துவிடுகிறது. மறதி முற்றிய பிறகு கைநாட்டு வாங்கி எழுதும் பத்திரமும் வழக்கில் நிற்காது. சொத்தை நிர்வகிக்கவே வேண்டும் என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பாதுகாவலராக நியமிக்கக் கேட்கும் வழி இருக்கிறது, வழக்கறிஞரைப் பாருங்கள். பென்ஷனுக்கான உயிர்வாழ்வுச் சான்றை, ஜீவன் பிரமாண் வழியாக இல்லத்தில் இருந்தபடியே செல்போனில் முகத்தைக் காட்டி எடுக்கலாம்.

இல்லத்தில் விட்டால் சட்டப்படித் தப்பா? ஊரில் பேசுவார்களே?

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டம் தண்டிப்பது கைவிடுவதை. பணம் கட்டி, வந்து பார்த்து, பொறுப்பில் இருப்பது கைவிடுவது ஆகாது. ஊர் பேசத்தான் செய்யும். ராத்திரி மூன்று மணிக்கு எழும்புகிறவர் கூட இருக்க அவர்கள் யாரும் வரப்போவதில்லை.

ஓணம், கிறிஸ்மஸ், பொங்கலுக்கு வீட்டுக்குக் கூட்டி வரலாமா?

முதல் இரண்டு மாதத்தில் வேண்டாம். பிறகும், பழைய வீட்டில் ஒரு இரவு தங்க வைப்பதைவிட, காலையில் கூட்டிப்போய் மதியச் சாப்பாட்டுக்குப் பின் கொண்டுவிடுவது நல்லது. அல்லது பாயசமும் பப்படமும் எடுத்துக்கொண்டு நீங்கள் அங்கே போங்கள்.

பழகிவிட்டார் என்று எப்படித் தெரியும்? பழகாவிட்டால்?

சிலர் மூன்று வாரத்தில் பழகுவார்கள், சிலருக்கு மூன்று மாதம். கேட்டருகே நிற்பது குறைகிறதா, எடை நிற்கிறதா, ஒரு பணியாளரையாவது தேடிப் போகிறாரா என்று பாருங்கள். நீங்கள் போனதும் அழுவதை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள், நீங்கள் இல்லாத நேரம் எப்படி இருக்கிறார் என்பதே கணக்கு.

மேல்கையில் விரல் பதிந்தாற்போல் ரத்தக்கட்டு, மணிக்கட்டில் கட்டிய தடம், எந்நேரமும் மயக்கம், காரணம் சொல்லாத எடைக்குறைவு, குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் ஒடுங்குவது, ‘இன்னைக்குப் பார்க்க முடியாது’ என்று மறுபடி மறுபடி தடுப்பது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் தேதியோடு படம் எடுத்து, நிர்வாகியிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லை என்றால் 14567-க்கும் மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்கும் புகார் கொடுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் புகாருக்குக் காத்திராமல் அன்றே கூட்டிக்கொண்டு வாருங்கள். அவசரம் இல்லாத மாற்றம் என்றால் முதலில் புது இல்லத்தின் இரவுப் பணியாளரை நேரில் பார்த்துப் பேசுங்கள், பழக்கக் குறிப்பை இப்போதைய நிலைக்குத் திருத்தி எழுதிக் கொடுங்கள், அதன் பிறகு பழைய இல்லத்துக்கு நோட்டீஸ் கொடுக்கலாம்.